இரண்டாவது சாட்சி

இரவு இரண்டு பத்துக்கு
ஸ்கோர்வ ஃபியோர்டில் சங்கு ஊதியது.
பதினான்கு வீடுகள்.
காலுறையை மாற்றிப் போட்ட பிள்ளைகள்,
கூண்டோடு ஒரு கிளி,
புளிக்கத் தொடங்கிய மாவை வாளியோடு தூக்கிக்கொண்டு
ரொட்டிக்கடை யூருன்.
எல்லோரும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் படுத்தார்கள்.
மலை விழவில்லை.

விடிந்ததும் ட்ரான்ஹெய்மிலிருந்து என்னை வரவழைத்து
ஹெலிகாப்டரில் மேலே இறக்கிவிட்டார்கள்.
பிளவின் குறுக்கே எட்டுக் கம்பிகள்,
எட்டுக்கும் சேர்த்து ஒரே காது:
தகரப் பெட்டிக்குள் என் மின்பலகை.
விதி எளியது, நானும் உட்கார்ந்து எழுதியதுதான்.
ஒரு கம்பி அசைந்தால் குறித்துக்கொள்.
இரண்டு அசைந்தால் ஊரை எழுப்பு.

ஐந்தாம் கம்பியின் மேல்
கதவகலப் பனிப்பாளம் விழுந்து கிடந்தது.
காலால் தள்ளினேன். எண் இறங்கியது.
ஆறாம் கம்பி சும்மா இருந்தது.
அதன்மேல் படிந்த உறைபனி
ஒரு கீறல்கூட விழாமல்.
ஆனால் பதிவேட்டில் அதுவும் துள்ளியிருக்கிறது,
ஐந்து துள்ளிய அதே நொடியில்,
அதன் துள்ளலில் முப்பதில் ஒரு பங்கு.
எல்லையைத் தாண்ட அது போதும்.

கையுறையைக் கழற்றி
அலைகாட்டியின் முனையைத் தொடவைத்தேன்.

சில்லுக்குள்ளே ஒரு குட்டி மின்தேக்கி.
ஒவ்வொரு கம்பியிடமும் போய் வாய்வைத்துக் குடித்து,
அளவைச் சொல்லிவிட்டு, அடுத்ததற்கு ஓடும்.
ஐந்தில் கழுத்துவரை குடித்தது.
அந்த வயிற்றோடே ஆறிடம் வந்தது.
ஆறின்மேல் குற்றமில்லை. அதன் வழி நாற்பதாயிரம் ஓம்,
ஊசித்துளை. வாங்குவதும் கொடுப்பதும் மெல்லத்தான்.
திரையில் அந்தக் கோடு
சரிந்து, சரிந்து, சரிவு தணிந்து,
தன் மட்டத்தைத் தொடப்போகிற சமயத்தில்
சுவிட்ச் திறந்துகொண்டது.
மிச்சம் எண்ணாகிவிட்டது.

ஒரே சாட்சி இரண்டு வாயால் பேசியிருக்கிறது.

பதினாறு பிட்டுக்குப்
பன்னிரண்டு காலமாறிலியாவது காத்திருக்க வேண்டும்.
பதினைந்து மைக்ரோநொடி.
நான் கொடுத்திருந்தது நான்கு.
ஏன் நான்கு?
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு மாதிரி நிரலில்
ஏற்கெனவே இருந்த எண்.
மாதத்துக்கு அரை மில்லிமீட்டர் நகரும் மலையிடம்
பதினொரு மைக்ரோநொடி மிச்சம் பிடித்திருக்கிறேன்.
மூன்று கோடை ஆக்கப் பொறுத்தவளுக்கு
அதுவரை ஆறப் பொறுக்கவில்லை.

எண்ணை மாற்றினேன். அதுவே போதும்தான்.
இருந்தும் விரல் மரத்துப்போகும்வரை பற்றவைத்தேன்:
ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெருக்கி,
குட்டி கேட்டதும் ஊற்றிக்கொடுக்க
ஒரு நானோஃபாரட் தொட்டி.
பெருக்கியைத் தொட்டியோடு நேரே கட்டினால்
நடுங்கத் தொடங்கும்.
இடையில் நூறு ஓம், தள்ளி நிற்கட்டும் இரண்டும்.

மாலையில் அதே கூடம், அதே கோடுகள், நாற்காலிகளோடு.
முதலில் எழுந்தவள் யூருன்.
வாளியைக் கொண்டுவந்திருந்தாள்.
"ரங்ஹில்ட், இதை முகர்ந்து பார்.
நாற்பது ரொட்டி. யார் தருவது?"
யாரோ கைதட்டினார்கள். என் காது சுட்டது.
அடுத்து ஐவின்ட், கடைசி வரிசை,
பாதி காதில் விழாத குரலில்:
"மலை இப்போது நகர்கிறதா?"
"தப்பு என்னுடையதுதான் என்று
சொல்லிவிட்டேன் அல்லவா!" என்றேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை.
கூடத்தில் வெப்பக்குழாயின் சத்தம் மட்டும்.
காகிதக் கோப்பையில் தண்ணீர் குடித்தேன்.
இன்னொரு மிடறு.
அவர் கையை இறக்காமல் காத்திருந்தார்.

"நகர்கிறது" என்றேன்.
"ஏழாம் கம்பி. அக்டோபரிலிருந்து மூன்று மில்லிமீட்டர்."
"ஆறுக்கு அடுத்ததுதானே ஏழு?"
கெட்டிக்காரர்.
"மற்றவற்றைக் கழற்றிவிட்டு
அதை மட்டும் ஒரு மணி நேரம் கேட்டேன்.
அது யாருடைய மிச்சமும் இல்லை."

யூருன் வாளியின் மூடியைத் தேடினாள்.